கட்டபொம்மன் ஊரில் ஒரு பேட்ரியாட்ஸ் டீம்!

தூத்துக்குடி என்றதும் உப்பு, முத்து, துறைமுகம், மக்ரூன் என்று வரிசையாக ஞாபகம் வரும். மக்ரூன் முதலில் வருகிறவர்களும் உண்டு, தப்பில்லை. அந்த டப்பாவைப் பையில் பத்திரப்படுத்திவிட்டு, உப்பளங்களுக்கு முதுகைக் காட்டி வடமேற்கே சுமார் இருபது கிலோமீட்டர் போனால் பாஞ்சாலங்குறிச்சி. கரிசல் மண், இரண்டு பக்கமும் முள்மரங்கள், நடுவே ரோடு. வெயிலைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஒருவரும் போகமாட்டீர்கள்.

போய் இறங்கியதும் தெரிகிற கோட்டை கட்டபொம்மன் கட்டியதல்ல. 1974-ல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. உள்ளே சுவர்களில் அவன் கதை ஓவியமாக ஓடுகிறது. பக்கத்தில் ஜக்கம்மா கோயில். நிஜக் கோட்டை என்ன ஆச்சு என்று கேட்டால், தொல்லியல் துறை பாதுகாக்கிற அஸ்திவாரத்தைக் காட்டுகிறார்கள். மிச்சம் அவ்வளவுதான்.

நம்மில் முக்கால்வாசிப் பேருக்குக் கட்டபொம்மன் என்றால் சிவாஜி. ஸ்கூல் ஆண்டு விழாவில் மீசையை ஒட்டிக்கொண்டு வரி வசனம் பேசாத பையன் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் உண்டா? (பாதி வசனத்தில் மீசை விழும், கைதட்டல் அப்போதுதான் அதிகம்!) அந்தப் படம் வந்தது 1959-ல். அதே 1959-ல், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்காரர் பில்லி ஸல்லிவன் 25 ஆயிரம் டாலர் கட்டி, புதிதாக ஆரம்பித்த ஃபுட்பால் லீக் ஒன்றில் ஒரு டீமுக்கு உரிமை வாங்கினார். பேர் வைக்கச் சொல்லி மக்களிடமே போட்டி வைத்தார்கள். வந்த பேர் - 'பேட்ரியாட்ஸ்'. தேசபக்தர்கள். வெள்ளைக்கார ராஜாவுக்கு வரி கட்டமாட்டோம் என்று கிளம்பிய கூட்டத்தின் பேர்.

இதற்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இரண்டு சம்பந்தம் இருக்கிறது.

முதலாவது, கார்ன்வாலிஸ். 1781-ல் யார்க்டவுனில் அந்த அமெரிக்க தேசபக்தர்களிடம் படையோடு சரணடைந்தாரே, அதே பிரபு. அங்கே தோற்றவரை வீட்டுக்கு அனுப்பாமல் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இங்கே அனுப்பினார்கள். (ஆபீஸில் பார்த்திருப்பீர்கள். ஒரு கிளையை மூடிவிட்டு வருபவருக்கு அடுத்த கிளையில் ப்ரமோஷன்.) 1792-ல் ஆற்காடு நவாபோடு அவர் போட்ட ஒப்பந்தம்தான் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனி கையில் நேராகக் கொடுத்தது.

அதற்குமுன் இருந்த ஏற்பாடு பிரமாதமானது. மதுரை நாயக்கர்கள் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். கப்பம் கட்டு, படை வைத்துக்கொள், கூப்பிட்டால் வா. 72 டீம் லீக் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! நாயக்கர்கள் போய் நவாப் வந்தார், கடனில் மூழ்கினார், வசூல் உரிமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். டீம்காரனைக் கேட்காமலே லீக் கை மாறிவிட்டது. கட்டபொம்மனுக்கு வந்த ஆத்திரத்தில் இதற்கும் பங்கு உண்டு. நாங்கள் ஒருவரோடு பேசி வைத்திருந்தால், நடுவில் நீ யார்?

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1798-ல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்ஸனோடு சந்திப்பு, கைகலப்பு. 1799 செப்டம்பர் 5-ல் மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினான். அக்டோபரில் கயத்தாறில் தூக்கு. ஆனால் ஊர் அதோடு முடியவில்லை. 1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். இடித்துப் போட்ட கோட்டையைச் சில நாட்களில் திரும்ப எழுப்பினார்கள். வெள்ளைக்காரர்களே அசந்துபோன காரியம் அது. மே 24-ல் கர்னல் அக்னியூ அதைப் பிடித்தபின் தரைமட்டம். உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். ஊர்ப் பேரையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு சண்டையிலும் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள் மட்டும் அருகிலேயே பத்திரமாக இருக்கின்றன.

இரண்டாவது சம்பந்தத்தைச் சொன்னது, கோட்டைக்கு வெளியே டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள். அதில் ஒருவன் போட்டிருந்த வெளுத்துப்போன டி-ஷர்ட்டில் 'பேட்ரியாட்ஸ்' என்று பாதி எழுத்துகள் மிஞ்சியிருந்தன.

"இது எந்த டீம் தம்பி?"

"நம்ம டீம்தான் அண்ணாச்சி. டூட்டி பேட்ரியாட்ஸ். இப்ப சேலத்துக்குப் போயிட்டு."

டீம் எப்படிப் போகும்? போகும். 2016-ல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் டி.என்.பி.எல். ஆரம்பித்தபோது எட்டு டீம்களை ஊர்ப் பேரில் தனியாருக்கு விற்றது. தூத்துக்குடிக்கு வந்தது 'ஆல்பர்ட் டூட்டி பேட்ரியாட்ஸ்'. தினேஷ் கார்த்திக் கேப்டன். முதல் வருஷமே ஃபைனலில் சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸை 122 ரன் வித்தியாசத்தில் துவைத்தார்கள். சேப்பாக்கத்திலேயே வைத்து! 2017-ல் லீக் மேட்ச் ஒன்றில்கூடத் தோற்காமல் ஃபைனலுக்குப் போய், அங்கே தோற்றார்கள். அந்த வருஷத் தொடர் நாயகன் வாஷிங்டன் சுந்தர். அவர் தூத்துக்குடிக்கு ஆடினதை இந்தப் பையன்கள் நேற்று நடந்த மாதிரி சொல்கிறார்கள். 2018-ல் முன்னால் இருந்த 'ஆல்பர்ட்' போய் 'ஜோன்ஸ்' வந்தது. 2020-ல் கொரோனா; போட்டியே இல்லை. 2021-ல் பட்டியல் வந்தபோது தூத்துக்குடி காணோம். அந்த இடத்தில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ்.

"ஒரு மேட்ச்கூட தூத்துக்குடில நடக்கல அண்ணாச்சி. சங்கர்நகர் போய்த்தான் பாத்தோம். ஆனாலும் நம்ம பேருல்லா!"

சங்கர்நகர், திருநெல்வேலி பக்கம் தாழையூத்தில் இருக்கிறது. இண்டியா சிமெண்ட்ஸின் மைதானம். அதுவே தனிக் கதை. கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்க ஐயர் 1946-ல் ஆரம்பித்த கம்பெனி, 1949-ல் முதல் ஆலையை இங்கேதான் ஓட்டியது. அந்த சிமெண்ட் கம்பெனிதான் 2008-ல் 9 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சென்னை டீமை வாங்கியது. கிரிக்கெட் வாரியத்தில் பதவியில் இருக்கிறவர் டீமும் வைத்துக்கொள்ளலாம் என்று விதியைத் திருத்தினார்கள். 2015 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை அடித்தது. அதே வருஷம் டீமுக்கு இரண்டாண்டு தடை. நடுவே டீமைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து, சிமெண்ட் பங்கு வைத்திருந்தவர்களுக்கு அதிலும் பங்கு கொடுத்தார்கள். கடைசியில் 2024 டிசம்பரில் சிமெண்ட் கம்பெனி அல்ட்ராடெக் கைக்குப் போனது, டீம் போகவில்லை. சிமெண்டுக்காக டீம் வாங்கினவர்களிடம் சிமெண்ட் இல்லை, டீம் இருக்கிறது!

பையன்களுக்கு அமெரிக்க பேட்ரியாட்ஸ் கதையைச் சொன்னேன். அந்த ஃபுட்பாலில் பந்து இரண்டு முனையும் கூர்ந்திருக்கும். காலுக்கு வேலை குறைவு. கையால் எறிவதும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும்தான் அதிகம். மாடே இல்லாமல் ஆட்கள் மட்டும் முட்டிக்கொள்ளும் ஜல்லிக்கட்டு. அந்த டீமும் ஊரை விட்டுப் போகப் பார்த்தது. ஸல்லிவன் குடும்பம் நொடித்து, 1988-ல் ஷேவிங் மிஷின் முதலாளி விக்டர் கியாமுக்கு விற்றது. 1992-ல் அவரிடமிருந்து வாங்கியவர் ஸெயிண்ட் லூயிஸ்காரர் ஜேம்ஸ் ஆர்த்வைன். சொந்த ஊருக்கே டீமைக் கொண்டுபோகத் துடித்தார். ஆனால் ஸ்டேடியம் அவருடையதல்ல! அட்டைப்பெட்டி, காகித வியாபாரி ராபர்ட் க்ராஃப்ட் அதை 1988-லேயே வாங்கிப் போட்டிருந்தார். 'இங்கேதான் ஆடுவோம்' என்ற ஒப்பந்தம் பீரோவில் இருந்தது. ஏழரைக் கோடி டாலர் தருகிறேன், ஒப்பந்தத்தைக் கிழி என்றார் ஆர்த்வைன். க்ராஃப்ட் மாட்டேன் என்றுவிட்டு, 1994-ல் 17 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்து டீமையே வாங்கிவிட்டார். அதற்கப்புறம் ஆறு தடவை சூப்பர் பௌல் ஜெயித்தார்கள்.

இடம் கையில் இருந்தால் டீம் நகராது. தூத்துக்குடிக்கு அது இல்லை.

எல்லா ஊருக்கும் க்ராஃப்ட் கிடைப்பதில்லை. 1984 மார்ச்சில், பால்டிமோர் கோல்ட்ஸ் முதலாளி ராபர்ட் இர்ஸே ராத்திரியோடு ராத்திரியாக லாரிகளில் சாமானை ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கிளம்பிவிட்டார். டீமை அரசே எடுத்துக்கொள்ளச் சட்டம் வரப்போகிறது என்று பயம். வாடகை பாக்கிக்காரன் கூட இவ்வளவு சுறுசுறுப்பாகக் காலி செய்யமாட்டான்.

"அப்ப யாருமே கொண்டுபோக முடியாத டீம் கெடையாதா அண்ணாச்சி?"

உண்டு. க்ரீன் பே என்று ஒரு சின்ன ஊர். ஜனத்தொகை ஒரு லட்சம் சொச்சம். அதன் பேக்கர்ஸ் டீமுக்கு 1923-லிருந்து ஊர்க்காரர்கள்தான் பங்குதாரர்கள். டிவிடெண்ட் கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. இருந்தும் 2021-ல் பங்கு 300 டாலர் என்று விற்றபோது ஜனங்கள் முண்டியடித்து வாங்கினார்கள். இப்போது ஐந்து லட்சத்துக்கு மேல் பங்குதாரர்கள்.

சொல்லிக்கொண்டே வரும்போது உறைத்தது - இதை இந்த ஊர் முன்னமே செய்து பார்த்திருக்கிறதே! கூப்பிடு தூரத்தில் ஓட்டப்பிடாரம். வ.உ.சி. பிறந்த ஊர். 1906-ல் அவர் ஆரம்பித்த சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம்; பங்கு 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்கு. ஒரே முதலாளியின் பெட்டியில் இல்லாமல் ஜனங்கள் கையில் இருக்கட்டும் என்ற யோசனை. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களும் வந்தன. 1908-ல் அவரைச் சிறையில் போட்டார்கள். 1911-ல் கம்பெனி மூடியாயிற்று.

பேர் போவது இங்கே புதிதுமல்ல. 1986-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது திருநெல்வேலிக்குக் கட்டபொம்மன் பேரும், தூத்துக்குடிக்குச் சிதம்பரனார் பேரும் வைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது சிதம்பரனார் மாவட்டத்தில்! 1997-ல் மாவட்டம், பஸ் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பேரை எடுத்தபோது இரண்டும் போயின. கயத்தாறில் மட்டும் சிவாஜி சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி 1970-ல் வைத்த சிலை அதே இடத்தில் நிற்கிறது. நிலத்தை வாங்கிவிட்டு வைத்தார் பாருங்கள், கெட்டிக்காரர்.

டி-ஷர்ட் பையன் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, மெல்லப் பக்கத்தில் வந்தான்.

"எங்க டீம்லயும் பங்கு உண்டு அண்ணாச்சி. ஒண்ணு அம்பது ரூவா. ஞாயித்துக்கிழம குறுக்குச்சாலைல மேட்ச்சு, பந்து வாங்கணும்."

"டிவிடெண்ட் உண்டா?"

"செயிச்சா பொரோட்டா."

இரண்டு பங்கு எடுத்துக்கொண்டேன்.