"மாத்திரை சாப்பிடுறேன்": எந்த நிகழ்காலம்?

1/ இன்னிக்கு கொஞ்சம் இலக்கணம். போர்ச்சுகீசிய மொழியோட நிகழ்காலம். ஓடிடாதீங்க, கடைசியில உங்க மாத்திரை டப்பாவுக்குத்தான் வரப்போறேன்.

2/ நான் மருத்துவராக வேலை பார்ப்பது மொசாம்பிக்கில். 1975-ல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. ஆட்சி மொழி இன்றும் போர்ச்சுகீசியம்தான். வீட்டில் மக்குவா, சங்கானா பேசுகிறவர்களும் என்னிடம் அதில்தான் நோயைச் சொல்கிறார்கள். எனவே எனக்கு வினைச்சொல்லும் ஸ்டெதஸ்கோப் மாதிரி ஒரு கருவி.

3/ தமிழருக்கு இது ரொம்ப அந்நியம் இல்லை. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று நம் வினை முடிவிலேயே ஆள் தெரிந்துவிடும். அங்கேயும் அப்படித்தான்: ஃபாலு (பேசுகிறேன்), ஃபாலஷ் (பேசுகிறாய்), ஃபாலா (பேசுகிறார்), ஃபலாமுஷ் (பேசுகிறோம்). 'நான்' என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

4/ மரியாதையும் வினையில் இருக்கு. பெரியவங்களை 'நீ' வடிவத்தில் கேட்க மாட்டோம். படர்க்கை வடிவத்தில் கேட்போம். வயதான அம்மா வந்தால் இங்கே "மமா" என்றுதான் கூப்பிடுவோம். நம்ம ஊர்ல "சொல்லுங்கம்மா" என்பது போலவே.

5/ வலிக்கும் அதே கதை. "தோய்-மெ ஆ கபேஸா" என்றால் "எனக்குத் தலை வலிக்குது". 'எனக்கு' வரைக்கும் அச்சு அசல் நம்ம அமைப்பு.

6/ இப்ப முக்கியமான இடம். "தேஞு தோஸ்ஸெ ஆ த்ரேஷ் செமானாஷ்." மூணு வாரமா இருமல் இருக்கு. வினை நிகழ்காலம். அதாவது இருமல் இன்னும் நிற்கவில்லை. இதையே 'தீவெ' என்று இறந்தகாலத்தில் சொன்னால் வந்து போய்விட்டது. ரெண்டு வாரத்துக்கு மேல் தொடரும் இருமல் என்றால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்தே ஆகணும். ஒரு வினை விகுதி அந்த முடிவைத் தொடங்கி வைக்குது.

7/ அடுத்து மாத்திரை. "தோமு" என்றால் 'சாப்பிடுவது வழக்கம்'. "இஷ்தோ ஆ தொமார்" என்றால் 'இப்போதைக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்'. தமிழில் "மாத்திரை சாப்பிடுறேன்" என்ற ஒரே வாக்கியம் ரெண்டையும் சுமக்குது.

8/ காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். சில வாரத்திலேயே காய்ச்சல் குறையும், பசி எடுக்கும், உடம்பு தேறும். பலர் மாத்திரையை விடுவது இந்த நேரத்தில்தான். ஆனா வாய் மட்டும் "சாப்பிடுறேன்" என்றே சொல்லும். பொய் இல்லைங்க, பழக்கத்தைச் சொல்றாங்க. கிருமி பழக்கத்தைப் பார்க்காது. பாதியில் விட்டால் நோய் திரும்பலாம், மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறலாம்.

9/ 'இருக்கிறார்' என்பதற்கும் அங்கே ரெண்டு வினை. காய்ச்சல் போன்ற தற்காலிக நிலைக்கு 'இஷ்தா'. சர்க்கரை நோயாளி என்பதற்கு 'எ'. அது ஆளோடு ஒட்டிய தன்மை. "சுகர் நார்மல் ஆயிடுச்சு டாக்டர், மாத்திரையை நிறுத்திட்டேன்" என்பவர்கள் இந்த இலக்கணத்தைக் கொஞ்சம் யோசிக்கணும். அளவு நார்மல் என்பது 'இஷ்தா'. நோய் 'எ'.

10/ அதனால் நான் எந்த மொழியிலும் "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்பதோடு நிறுத்துவதில்லை. "கடைசியா எப்போ போட்டீங்க? இன்னும் எத்தனை மிச்சம் இருக்கு?" என்று கேட்பேன்.

11/ நீங்களும் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது "சாப்பிடுறேன்" என்று மட்டும் சொல்லாதீங்க. "நேத்து ராத்திரி போட்டேன், நடுவில் மூணு நாள் விட்டுப்போச்சு" என்று சொல்லுங்க. டாக்டர் திட்டினாலும் பரவாயில்லை, சரியான மருந்து கிடைக்கும். வீட்டுப் பெரியவங்களிடம் இன்னிக்கே இந்தக் கேள்வியைக் கேளுங்க. அப்படியே டப்பாவையும் ஒருமுறை திறந்து எண்ணிப் பாருங்க.