நைட் டூட்டி முடித்து வந்தவளைத் தூங்க விடுங்கள்



என்னிடம் உயிரியல் படித்த பெண்களில் பலர் இன்று நர்ஸ்கள். அவர்களில் ஒருத்தி போன வாரம் போனில் பேசினாள். "நைட் டூட்டி கூடப் பழகிடுச்சு டீச்சர். பகல் தூக்கம்தான் கிடைக்க மாட்டேங்குது" என்றாள்.

இரவு எட்டு மணிக்கு வார்டுக்குள் போனால் காலை எட்டு மணிக்குத்தான் வெளியே வருவாள். டிரிப்ஸ், ஊசி, பிபி, காய்ச்சல் என்று மாறி மாறி வேலை. மூன்று, நான்கு மணிக்குக் கண் சொக்குமாம். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, மருந்தின் அளவை இரண்டு தடவை படித்துப் பார்ப்பாளாம். "ஒரு புள்ளி மாறினாலும் உயிர் டீச்சர்" என்றாள்.

வகுப்பில் நான் நடத்தியதுதான். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. விடியற்காலையில் உடல் வெப்பம் குறையும், தூக்கம் அழுத்தும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பு விழித்துக்கொள்ளும். அதனால்தான் பகல் தூக்கம் பாதியில் கலைந்துவிடுகிறது. இரவு வேலை அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இல் வகைப்படுத்தியது. 2019-இல் அதையே மறுபடி உறுதி செய்தது.

அப்படி வேலை பார்த்து வருகிறவளுக்கு வீட்டில் என்ன நடக்கிறது? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சமையல் முடித்து, பத்து மணிக்குப் படுக்கிறாள். குக்கர் விசில், காலிங் பெல், சொந்தக்காரர் போன். போதாததற்கு, "பட்டப்பகல்ல தூங்குறா பாரு" என்று ஒரு பேச்சு. நமக்குப் பகல் பன்னிரண்டு மணி என்றால் அவளுக்கு அது நடுராத்திரி. நடுராத்திரியில் யார் வீட்டுக் கதவையாவது தட்டுவோமா?

நர்ஸைக் கட்டிய என் பையன்களே, அவள் டூட்டி முடித்து வரும் அன்று பிள்ளையை நீங்கள் கிளப்புங்கள். காலை டிபனை நீங்கள் பாருங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். மாமியார்மாரே, வந்தவர்களிடம் "அவ ராத்திரி பூரா வேலை பார்த்துட்டு வந்திருக்கா" என்று நீங்களே சொல்லுங்கள். உறவுகளே, நான்கு மணிக்கு மேல் போன் செய்யுங்கள்.

நர்ஸ் பிள்ளைகளே, கண் சொருகும்போது வண்டி ஓட்டாதீர்கள். பஸ்ஸில் வாருங்கள், இல்லை யாரையாவது வந்து கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

வீட்டில் நைட் டூட்டி பார்ப்பவர் இருந்தால், இதை எல்லோரும் கேட்கும்படி படித்துக் காட்டுங்கள். டீச்சர் சொன்னேன் என்று சொல்லுங்கள்.