உயிர் வாங்கும் பொத்தான்

தொடங்கும் முன் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் கணித ஆசிரியன், இரு பிள்ளைகளுக்குத் தந்தை, நாற்பதைக் கடந்தவன். ஆயினும் இன்றளவும் கணினி விளையாட்டு ஆடுகிறவன். பள்ளி விடுமுறையில் விடிய விடிய ஆடிய நாள்களும் உண்டு. ஆசிரியர் அறையில் இதை நான் சொன்னதில்லை. ஆனால், மாணவர்களுக்குத் தெரியும். இத்தகைய செய்திகள் அவர்களுக்கு எப்படித்தான் எட்டுகின்றனவோ!

சில மாதங்களுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் பள்ளிக்கு வந்தார். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தார். கையில் கைத்தொலைபேசிக் கட்டணச் சீட்டு. வழக்கமாக வரும் தொகையோடு 412 வெள்ளி கூடுதலாக ஏறியிருந்தது. மகன் நான்கே நாளில், ஒரு விளையாட்டுக்குள் பொத்தானை அழுத்தி அழுத்திச் செலவழித்த பணம் அது.

"சார், நீங்களும் கேம் வெளாடுவீங்கன்னு பையன் சொல்றான். இவ்ளோ காசு குடுத்து இவன் என்னாதான் வாங்கனான்? வீட்டுல ஒன்னும் காணோமே சார்!"

வீட்டில் ஒன்றும் காணோம். அவன் வாங்கியது குலுக்கல். கைக்கு எட்டாத ஒரு வாள்வீரனை எதிர்பார்த்து, மீண்டும் மீண்டும் சுழற்றிப் பார்க்கும் வாய்ப்பு.

இதை அந்தத் தாயாருக்கு விளக்க எனக்கு இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. காரணம், 2021-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது நானே இத்தகைய விளையாட்டு ஒன்றில் ஒரே இரவில் 250 வெள்ளியை விட்டவன். என் மனைவிக்கு இப்பதிவைப் படித்தால்தான் தெரியும். நிகழ்தகவை வகுப்பில் கற்பிக்கிற ஆள் நான் என்பதையும் இங்கே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் ஆடத் தொடங்கிய காலத்தில் இப்படி இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கம். கிள்ளானில் பெரியப்பா வீட்டில் ஒரு கணினி இருந்தது. அண்ணன் நெகிழ்வட்டு ஒன்றைச் செருகி 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை ஓட்டிக் காட்டினார். ஜோர்டான் மெக்னர் என்ற இளைஞர் ஏறக்குறையத் தனி ஆளாக உருவாக்கி, 1989-இல் வெளிவந்த விளையாட்டு அது. தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படமெடுத்து, அந்த அசைவுகளைப் பார்த்துப் பார்த்து இளவரசனை வரைந்தாராம். 60 நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். ஈட்டிக் குழியில் விழுந்தால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும், கடிகாரமோ நிற்காது. ஒரு பள்ளி விடுமுறை முழுதும் செத்துச் செத்துப் பிழைத்தேன். குதிக்கும் முன் ஒரு கணம் நின்று தூரத்தை அளக்கும் பழக்கம் அந்த விடுமுறையில்தான் வந்தது.

பின்னாளில் பாசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்குக் குறுவட்டு வாங்கினோம். அவை திருட்டுக் குறுவட்டுகள் என்பதை மறைக்க விரும்பவில்லை. நிறுவனங்களைக் குறைகூற வருபவன் தன் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டுமல்லவா? நல்லதோ கெட்டதோ, வாங்கினால் அத்தோடு வணிகம் முடிந்தது. அதன்பின் எனக்கும் விளையாட்டுக்கும் இடையே எவரும் கடை விரிக்கவில்லை.

அந்தக் கடை எப்போது உள்ளே வந்தது? பலரும் சுட்டிக்காட்டுவது 2006-ஐ. 'ஒப்லிவியன்' என்ற பெரும் விளையாட்டை வெளியிட்ட பெதெஸ்டா நிறுவனம், அதில் வரும் குதிரைக்கு அணிவிக்கும் கவசத்தைத் தனியாக இரண்டரை டாலருக்கு விற்றது. உலகமே எள்ளி நகையாடியது. நானும் சிரித்தேன். குதிரைக்குச் சட்டை வாங்கவா காசு என்று! அன்று சிரித்தவர்களே பின்னர் வரிசையில் நின்று வாங்கினோம். குதிரைக்கவசத்திலாவது என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தது. பிறகு வந்த குலுக்கல் பெட்டியில் அதுவும் தெரியாது.

பெற்றோர் அறிய வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. இவ்விளையாட்டுகள் பணத்தைப் பணமாகவே காட்டுவதில்லை. 'கென்ஷின் இம்பாக்ட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பணத்தால் முதலில் படிகம் வாங்க வேண்டும். படிகத்தை ஒருவகை மணியாக மாற்ற வேண்டும். 160 மணிகளைக் கொடுத்தால் ஒரு குலுக்கல். அந்தக் குலுக்கலில் மிக உயர்ந்த ஐந்து விண்மீன் தரம் விழும் அடிப்படை வாய்ப்பு ஆயிரத்துக்கு ஆறு. தொடர்ந்து விழாவிட்டால் 90-ஆம் முறை கட்டாயம் ஒன்று கிடைக்கும். நாம் விரும்பியதுதான் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இத்தனை மாற்றங்களுக்குப் பிறகு ஒரு சுழற்சிக்கு எத்தனை வெள்ளி என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை கணக்கிடுமா? எனக்கே தாளும் எழுதுகோலும் தேவைப்பட்டன. இந்தக் குழப்பம் தற்செயலானது என்று நான் நம்பவில்லை. 2025 சனவரியில் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையமும் இதையே சுட்டியது. அவ்விளையாட்டின் நிறுவனம் 20 மில்லியன் டாலர் செலுத்தவும், பெற்றோர் ஒப்புதலின்றி 16 வயதுக்குட்பட்டோருக்குக் குலுக்கல் பெட்டி விற்பதை நிறுத்தவும் இணங்கியது.

'ஃபோர்ட்நைட்' கதை இன்னும் மோசம். உறக்கநிலையிலிருந்து விளையாட்டை எழுப்ப அழுத்திய பொத்தானே பொருளை வாங்கிவிடும்படி இருந்தது என்பது அதே ஆணையத்தின் குற்றச்சாட்டு. வங்கியிடம் முறையிட்டவர்களின் கணக்கை நிறுவனம் பூட்டியது என்றும் சொன்னார்கள். 2022 திசம்பரில் எபிக் நிறுவனம் ஒப்புக்கொண்ட மொத்தத் தொகை 520 மில்லியன் டாலர். அதில் 245 மில்லியன் ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரவேண்டிய பணம். பெல்ஜியமோ 2018-லேயே, காசு கொடுத்து வாங்கும் குலுக்கல் பெட்டி சூதாட்டமே என்று அறிவித்துவிட்டது. நம் வீட்டில் மட்டும் "பையனுக்குப் புத்தி இல்லை" என்று அவன் முதுகில் இரண்டு வைத்துவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்கிறோம்.

எல்லா நிறுவனமும் அப்படியா? இல்லை. எரிக் பரோன் என்பவர் நான்கு ஆண்டுக்கு மேல் தனியாக உழைத்து 2016-இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' என்ற பண்ணை விளையாட்டை என் மகள் ஆடுகிறாள். ஒருமுறை வாங்கியதுதான். பின்னர் வந்த சேர்க்கைகள் யாவும் இலவசம். நல்ல விளையாட்டுக்குக் காசு கொடுக்க நான் தயங்குவதில்லை. திருட்டுக் குறுவட்டுக்கான கழுவாயாகவும் வைத்துக்கொள்ளலாம்.

நிற்க. அந்தத் தாயார் வந்துபோன மறுவாரம் வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். பழைய மைலோ டின்னில் 500 கொண்டைக்கடலையைப் போட்டேன். மூன்றுக்கு மட்டும் மனைவியின் நகச்சாயத்தைப் பூசினேன். ஆயிரத்துக்கு ஆறு என்ற அதே வாய்ப்பு. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும், பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். 24 மாணவர்கள், ஆளுக்குப் பத்து முறை. எத்தனை சிவப்பு வரக்கூடும் என்று முன்பே கணக்குப் போட்டுக் கரும்பலகையில் எழுதிவிட்டோம்: ஒன்று அல்லது இரண்டு.

ஒன்றுதான் வந்தது. எப்போதும் பேசாமல் பின்வரிசையில் உட்காரும் மாணவி ஒருத்தி எடுத்தாள். வகுப்பே எழுந்து கத்தியது. பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். என் திட்டப்படி, வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று அறிந்து மாணவர்கள் சலிப்படைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. "சார், இன்னொரு தடவ சார்! எனக்கு வரும் சார்!" சற்றுமுன் கணக்கைப் பிழையின்றிச் செய்தவனே முதலில் கையைத் தூக்கினான். கடலைக்கே இப்படி! வாள்வீரனும் ஒளிவெள்ளமும் இசையும் சேர்ந்தால்? கணக்குத் தெரிந்தால் பிள்ளை தப்பிவிடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். 250 வெள்ளியை விட்டவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

அவன் மட்டும் டின்னுக்குள் கைவிடவில்லை. "வேணாம் சார்" என்றான். நானும் வற்புறுத்தவில்லை.

அந்தப் பணத்துக்காகத் தாயாரும் நானும் சேர்ந்து முறையீடு எழுதினோம். மூன்று வாரம் கழித்து 290 வெள்ளி திரும்ப வந்தது. எஞ்சியதற்கு விளக்கம் ஏதும் வரவில்லை. செயலிக் கடையில் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துக் கொடுத்தேன். தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்ந்து வரும் வசதியை நிறுத்தச் சொல்லி நிறுவனத்தை அழைத்தோம். பெற்றோர்களே, இவ்விரண்டையும் இன்றே செய்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

பணம் திரும்பியதும் அவனுடைய வாள்வீரன் கணக்கிலிருந்து நீக்கப்பட்டான். அம்மா அடித்தபோது அழாதவன் அன்று அழுதான் என்று தாயார் சொன்னார். எனக்கு அது புரிந்தது.

சென்ற வாரம் கணினிக் கழகம் முடிந்த பிறகு அவனை நிறுத்தி, பழைய 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை ஓட்டிக் கொடுத்தேன். மங்கிய படம், கீச்சிடும் ஒலி. முகம் சுளித்தான், பிறகு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். ஈட்டிக் குழியில் நான்கு முறை விழுந்தான். ஐந்தாம் முறையும் விழுந்தபின் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சார், உயிர் வாங்கறதுக்கு எங்க அமுக்கணும்?"

"இதுல வாங்க முடியாதுடா தம்பி. திரும்பவும் குதிக்கணும், அவ்ளோதான்."

அவன் நம்பவில்லை. சுட்டியை நகர்த்தித் திரையின் நான்கு மூலைகளிலும் தேடிக்கொண்டிருந்தான்.