பூவரசின் உறவும் புளியின் உறவும்

யாழ்ப்பாணத்தில் நிழல் மரத்தின் காலடியிலேயே கிடக்கும். நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேல் நிற்பதால் தண்டைச் சுற்றி வட்டமாக நிழல் விழும். அங்கே ஒரு கதிரையைப் போட்டால் போதும். மொன்றியலில் இந்தக் கணக்கு செல்லாது. வட அகலாங்கு 45.5 பாகையில் இருக்கும் இந்த நகரத்தில், ஜூன் 21 நடுப்பகலில்கூடச் சூரியன் 68 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. டிசம்பரில் 21 பாகையோடு இறங்கிவிடும். 12 மீற்றர் உயரமான மரத்தின் உச்சி நிழல் கோடை நடுப்பகலில் ஏறக்குறைய 5 மீற்றர் வடக்கே விழும். பின்னேரம் 5 மணிக்கு அது கிழக்கே 16 மீற்றர் வரை நீளும். வீட்டுச் சுவரைச் சுட வைப்பது அந்தப் பின்னேர வெயில்தான். ஆகவே, மரம் வேண்டும் என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது எந்த மரம் என்பதை அல்ல, வீட்டின் மேற்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத்தான்.

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் நகரின் வடக்கு ஓரம். ரிவியேர் டி பிரேரி ஆறு அதன் எல்லை, ஆற்றை ஒட்டிக் குவான் வீதி ஓடுகிறது. இந்தப் பக்கத்து வளவுகளில் மரம் நடுவதும் கிளை கத்தரிப்பதும் என் தொழில். அண்மைக் காலத்தில் என்னைக் கூப்பிடுபவர்களில் பாதிப் பேர், பட்டுப்போன ஆஷ் மரத்தின் இடத்தை நிரப்பத்தான் கூப்பிடுகிறார்கள். ஆஷ் மரத்தைத் துளைக்கும் பச்சை வண்டு 2011இல் மொன்றியலில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரத்தின் சத்தோட்டத்தை அறுத்துவிடும். தப்பி நிற்கும் ஆஷ் மரங்களில் பல, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஊசி போட்டுக் காப்பாற்றப்பட்டவை. அந்த மருந்து வேப்பம் விதையிலிருந்து எடுக்கப்படுவது. எங்கள் முற்றத்து மரத்தின் கசப்பு இந்தக் குளிர்நாட்டு மரங்களின் தண்டுக்குள் ஓடுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். ஒரே இன மரத்தைத் தெருத்தெருவாக நட்டால் என்ன ஆகும் என்பதையும் ஆஷ் காட்டிவிட்டது. அதனால் அடுத்தடுத்த வீடுகளில் ஒரே மரத்தை நட நான் சம்மதிப்பதில்லை.

நடுத்தர அளவு வளவுக்குக் கடைசியில் போட்டிக்கு நிற்பவை இரண்டு. ஒன்று சிற்றிலை லிண்டன், மற்றது முள்ளில்லா ஹனிலோக்கஸ்ட். நாற்றுப்பண்ணைச் சீட்டில் பிரெஞ்சில் தியேல், ஃபெவியே என்று எழுதியிருக்கும். இரண்டுமே மொன்றியல் குளிரைத் தாங்கும், இலையுதிர்காலத்தில் வெறுமையாகும், 12 மீற்றருக்கு மேல் வளரும். இரண்டிலும் எங்களுக்குச் சொந்தம் உண்டு. லிண்டன் செவ்வரத்தை, வெண்டி, பூவரசு ஆகியவற்றின் குடும்பம். அதன் இலையைக் கையில் எடுத்தால் பூவரசு வேலியோடு வளர்ந்த யாருக்கும் அந்த இதய வடிவம் உடனே பிடிபடும். ஹனிலோக்கஸ்ட் புளி, வாகை, கொன்றை வழி. காட்டு வகையில் நீளமாக முறுக்கிய காய் தொங்கும், தண்டில் பயங்கரமான முட்கள் இருக்கும். கடையில் விற்பது முள் நீக்கி வளர்த்த வகை, பெரும்பாலும் காயும் பிடிக்காது.

நிழலில்தான் இரண்டும் முற்றாகப் பிரிகின்றன. லிண்டனின் நிழல் அடர்த்தியானது. ஜூலை மாத வெக்கையில் அதன் கீழே போனால் அறைக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். அங்கே புல்லும் சரியாக வராது. ஹனிலோக்கஸ்டின் சிற்றிலைகளுக்கிடையே வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கும். புல் வளரும், பூச்செடி வளரும். வெயில் பின்னேரம் சாய்ந்த பிறகு வீட்டுச் சுவருக்கு அந்த நிழல் போதுமானது.

குவான் வீதிப் பக்கத்தில் ஒரு அம்மா என்னிடம் நேராகக் கேட்டார்: "தம்பி, குந்தியிருக்க நிழலும் வேணும், வெண்டியும் காய்க்க வேணும். என்ன மரம்?" இந்த ஊர்த் தமிழ் வீடுகளின் கேள்வியே இதுதான். வெண்டி, கத்தரி, பயற்றங்காய், பாகல், மிளகாய் எல்லாவற்றுக்கும் இங்கே கிடைப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரையான வெயில் மட்டுமே. அதில் ஒரு மணி நேரத்தைக்கூட இழக்க மனம் வராது. "மரக்கறிப் பாத்திக்குப் பக்கம் ஃபெவியேதான் அம்மா. அதுவும் பாத்திக்கு வடக்கே நடுவம், நடுப்பகல் நிழல் அந்தப் பக்கம் போய்விடும்" என்றேன். பாத்தி வைத்திருக்கும் எவருக்கும் இன்றும் அதையே சொல்வேன்.

நாள்காட்டியும் அதற்கே சாதகமாக இருக்கிறது. ஹனிலோக்கஸ்ட் மே மாதக் கடைசி வரை சோம்பலாகத்தான் துளிர்க்கும். நாற்றுகளை வெளியே கொண்டுவந்து பழக்கும் அந்த வாரங்களில் வெயில் முழுதாகக் கிடைக்கும். ஒக்டோபரில் மஞ்சளாகிச் சீக்கிரமே கொட்டிவிடும். உதிரும் சிற்றிலைகள் மிகச் சிறியவை என்பதால் பெரும்பகுதி புல்லுக்குள்ளேயே மறைந்துவிடும், கொஞ்சம் காம்பை மட்டும் வாரினால் போதும். டிசம்பரில் அதன் மெல்லிய கிளைகள் யன்னல் வெயிலை அதிகம் மறைப்பதில்லை. வெப்பமூட்டிக்குக் காசு கட்டும் வீட்டில் இதுவும் ஒரு கணக்குத்தான்.

ஆனாலும் லிண்டனை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜூன் கடைசியில் அது பூக்கும்போது தெரு முழுக்க மணக்கும். மரமே இரைவதுபோலத் தேனீக்கள் மொய்க்கும். ஹனிலோக்கஸ்டின் பூவை அண்ணாந்து தேடினால்தான் காணலாம். உறைபனி மழையிலும் லிண்டன்தான் உறுதி. 1998 ஜனவரி உறைமழை தென் கியூபெக்கை உலுக்கியது. 2023 ஏப்ரல் 5இல் பெய்ததில் மாகாணமெங்கும் பத்து லட்சத்துக்கும் மேலான ஹைட்ரோ-கியூபெக் வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தார்கள். விரிந்து பரந்த கிளை கொண்ட ஹனிலோக்கஸ்ட் அந்தப் பாரத்தில் முறியக்கூடியது. சிற்றிலை லிண்டன் கூம்பாக நெருங்கி நிற்பதால் தாங்கும். ஆகவே ஹனிலோக்கஸ்ட் வைத்தால் சிறு வயதிலேயே அதைக் கத்தரிக்க வேண்டும். ஒரே நடுத்தண்டை விட்டு, அதோடு போட்டி போடும் கிளையையும் கூரான கோணத்தில் ஒட்டியிருக்கும் கிளையையும் முதல் சில ஆண்டுகளிலேயே எடுத்துவிட வேண்டும். பெரிய மரமான பிறகு இதைச் செய்ய முயன்றால் காயம் பெரிதாகிவிடும்.

லிண்டனின் தொல்லைகளையும் மறைக்கக் கூடாது. இலைக்கு அடியில் சாறு உறிஞ்சும் அழுக்கணவன் பூச்சி சொட்டும் பிசின் கார் முழுக்க ஒட்டும், அதன் மேல் கரும்பூஞ்சணம் படரும். ஜூலையில் யப்பான் வண்டு வந்து இலையை நரம்பு மட்டும் மிஞ்ச அரித்துவிடும். வளர்ந்த மரம் பிழைத்துக்கொள்ளும், இளமரத்தில் காலையில் வண்டுகளைச் சவர்க்காரத் தண்ணீருக்குள் தட்டிவிட வேண்டும். அடித்தண்டிலிருந்து ஓயாமல் முளைக்கும் கன்றுகளை வருடாவருடம் வெட்ட வேண்டும். வீதியில் கொட்டும் உப்பு லிண்டனுக்கு ஆகாது, ஹனிலோக்கஸ்ட் தாங்கும். எனவே நடைபாதை ஓரத்தில் லிண்டன் வேண்டாம், கார் நிறுத்தும் இடத்துக்கு மேலும் வேண்டாம். பாத்தி இல்லாத, உட்கார்ந்து கதைக்க மட்டும் விரும்பும் அகலமான பின்வளவுக்கு லிண்டனைத்தான் முதலில் சொல்வேன்.

நிழலை நான் அலங்காரமாகப் பார்ப்பதில்லை. 2018 ஜூலை வெப்ப அலையில் மொன்றியலில் 66 பேர் இறந்ததாக நகரின் பொதுச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. தனியாக, மேல்மாடியில், மரமில்லாத தெருவில் இருக்கும் முதியவருக்கு மேற்குப் பக்கத்து மரம் உயிர்க்காப்பு. 2030க்குள் 500,000 மரங்கள் என்று நகராட்சி இலக்கு வைத்திருக்கிறது. பொது நிலத்தில் மட்டும் நட்டு நகரத்துக்கு நிழல் வந்துவிடாது. எங்கள் வளவுகளும் சேர வேண்டும்.

நடுவது ஒக்டோபர் தொடக்கத்தில் நல்லது. மண் இன்னும் சூடாக இருக்கும், வெயில் தணிந்திருக்கும். தோண்டுமுன் இன்ஃபோ-எக்ஸ்கவேசனுக்குச் சொல்லி, நிலத்தடிக் குழாயும் கம்பியும் எங்கே போகின்றன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அது இலவசம். பின்வளவு எல்லையில் மின்கம்பி போகும் வீடுகளில் இந்த இரண்டு மரத்தையும் அதன் கீழ் வைக்கவே கூடாது. இங்கே பல இடங்களில் மண் பழைய கடல் விட்டுப்போன களி. வறண்ட கோடையில் வேர் நீரை உறிஞ்ச உறிஞ்ச அது சுருங்கி, அத்திவாரத்தை இறக்கும். ஆகையால் சுவரிலிருந்து தாராளமாகத் தள்ளி நிற்க வேண்டும்.

குழியைத் தொட்டியைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக வெட்டுங்கள், ஆழம் தொட்டி அளவு போதும். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிய வேர்களை அறுத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே வேர் பின்னாளில் தண்டை நெரிக்கும். தண்டு விரிந்து வேராக மாறும் கழுத்து நிலமட்டத்தில் தெரிய வேண்டும். களிமண் குழிக்குள் கொம்போஸ்ட் மட்டும் கொட்டினால் தண்ணீர் தேங்கும், எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். மேலே மரச்சீவலை நாலு விரல் அளவுக்கு மிஞ்சாமல், தண்டைத் தொடாமல் பரப்புங்கள். லிண்டன் என்றால் முதல் சில குளிர்காலங்களுக்குத் தண்டில் வெள்ளைக் காப்புச் சுற்றுங்கள். பெப்ரவரி வெயிலும் இரவு உறைகுளிரும் மாறி மாறி அடிக்கும்போது அதன் மெல்லிய பட்டை தென்மேற்குப் பக்கமாகப் பிளக்கும். ஏப்ரலில் அந்தக் காப்பைக் கழற்ற வேண்டும். தாங்குகம்பு கட்டியிருந்தால் அதையும் ஒரு வருடத்துக்குள் எடுத்துவிடுங்கள், காற்றில் ஆடி ஆடித்தான் தண்டு தடிக்கும்.