இடுப்பில் ஒரு ரப்பர் வளையம்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய் விரித்துக் கொட்டியிருக்கும் பழைய சாமான்களுக்கு நடுவே ஜி.ஐ. ஜோ பொம்மை கண்ணில் பட்டால், பெரும்பாலும் அது இடுப்போடு இரண்டாகப் பிரிந்துதான் கிடக்கும். யாரும் உடைத்திருக்க வேண்டியதில்லை. நாலு அங்குலம்கூட இல்லாத அந்தப் பிளாஸ்டிக் வீரனின் மார்புக்குள் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறது. கால்கள் இரண்டையும் கோத்திருக்கும் உலோகக் கொக்கியை மேலே இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். முதுகில் ஒரே ஒரு திருகாணி. வீரன் குனிவது, திரும்புவது, உட்காருவது எல்லாம் அந்த வளையத்தின் தயவு. இருபது முப்பது வருஷத்தில் ரப்பர் இறுகி, வெடிப்பு விட்டு, ஒருநாள் தானே அறுந்துபோகிறது. திருகாணியைக் கழற்றி அதே அளவில் வேறொரு வளையத்தை மாட்டினால் அவன் மறுபடி எழுந்து நிற்பான். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் உற்பத்தி நின்றுபோன இந்தப் பொம்மைகளைச் சேகரிப்பதில் உள்ள மிகப் பெரிய சிக்கல் அந்த ஐந்து நிமிஷத்தில்தான் பிறக்கிறது.

ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1982இல் அமெரிக்காவில் இந்தச் சிறு உருவங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1983இல் அவற்றை வைத்து ஒரு கார்ட்டூன் குறுந்தொடர், 1985இல் முழுத் தொடர். இந்தியாவில் அப்போது நுகர்பொருள் இறக்குமதிக்குக் கதவு சாத்தியிருந்த காலம். அந்தக் கட்டுப்பாடுகளில் கடைசியாக மிஞ்சியவை நீங்கியது 2001 ஏப்ரலில்தான். அதனால் இங்கே பொம்மை வரவில்லை, பொம்மையின் அச்சு வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோ உரிமத்தில் 1980களின் இறுதியில் தொடங்கி இவற்றை வார்த்தது. அது எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்த கம்பெனி. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற அந்த எம்.ஆர்.எஃப்.பும் டயரில் தொடங்கவில்லை. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்துதான் தொழிலுக்கு வந்தது. அமெரிக்காவில் 1994இல் ஜி.ஐ. ஜோ வரிசை நின்ற பிறகும் இங்கே அச்சுகள் ஓடிக்கொண்டிருந்தன, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரைக்கும். தொடரில் ஒரு நிறத்தில் வருபவன் இங்கே வேறு நிறத்தில் வந்தான். அதே ஆள் அடுத்த தடவை இன்னொரு சாயலில் வந்தான். மேட்டல் உரிமத்தில் லியோ நிறுவனம் இந்தியாவில் செய்த ஹீ-மேன் பொம்மைகளுக்கும் இதே கதைதான். அன்றைக்குக் குறையாகப் பட்ட இந்த நிற மாற்றத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று இந்திய வார்ப்பைத் தேடுகிறார்கள்.

நின்றுபோன பொம்மையைச் சேர்ப்பவர் அந்தக் கார்ட்டூனைத்தான் பாதுகாக்கிறார் என்று பொதுவாக நினைக்கிறோம். தொடருக்கு அவர் தேவையில்லை. அது வட்டுகளில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் நாளைக்கே பார்க்கலாம். எந்த வட்டிலும் இல்லாதது இந்த நிறங்கள். ஓர் இந்திய ஆலையில், ஏதோ ஒரு மாதத்தில், எந்தப் பிளாஸ்டிக்கும் எந்தச் சாயமும் கையில் இருந்தன என்பதற்குப் பொம்மையே சாட்சி. அந்தச் சாட்சியத்தை எப்படி நம்புவது என்பதுதான் கேள்வி. ஒருவனின் மேலுடம்பை இன்னொருவனின் காலோடு எந்த வீட்டுப் பிள்ளையும் மாட்டிவிடலாம். உடைந்ததைச் சேர்த்து விற்கும் வியாபாரியும் மாட்டிவிடலாம். ஆலையே நிறங்களை மாற்றி மாற்றி வார்த்திருக்கும்போது, பச்சை மார்பும் பழுப்புக் காலும் ஆலையில் சேர்ந்தவையா, சந்தையில் சேர்ந்தவையா என்று பொம்மையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதைத் தீர்க்கக்கூடியது ஒன்றுதான்: இது எந்த வீட்டிலிருந்து வந்தது, எந்த ஆண்டு வாங்கியது, அட்டை கூட இருந்ததா என்ற குறிப்பு. ஒரே நிறச் சேர்க்கை சேலையூரில் ஒரு வீட்டிலும் குரோம்பேட்டையில் ஒரு வீட்டிலும் தனித்தனியே கிடைத்தால், அது ஆலையின் வேலை என்று நம்ப இடமுண்டு. குறிப்பு இல்லாமல் நூறு பொம்மைகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கினாலும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் வராது. கிடைத்த இடத்தை எழுதாமல் சேகரிப்பது பாதி வேலைதான் என்பது என் வாதம்.

இந்த வாதத்துக்கு ஆதாரம் பல்லாவரத்து மண்ணிலேயே இருக்கிறது. 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், இங்கே படை அணிவகுப்பு மைதானத்துச் சரளைக் குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். சரளை வெட்டுபவர்களுக்கு அது மற்றக் கற்களில் ஒன்று. ஃபூட் அதில் மனிதக் கை செதுக்கிய தடத்தைப் பார்த்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் அவருக்கும் அவருடைய சகா வில்லியம் கிங்குக்கும் கருவிகள் கிடைத்தன. அத்திரம்பாக்கத்தின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் என்ற முடிவு 2011இல் வெளியானது. ஃபூட் கல்லை மட்டும் எடுத்து வைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. எந்தக் குழி, எந்த மண் என்று எழுதினார். 1912இல் அவர் இறந்த பிறகு, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த அவருடைய சேகரிப்பின் பட்டியல் அச்சாகி வந்தது. அந்தக் கற்களைப் பேச வைப்பது அதிலுள்ள ஊர்ப் பெயர்கள்தான். கற்கோடரியையும் கார்ட்டூன் பொம்மையையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்கலாம். மதிப்பில் வைக்க முடியாது. முறை மட்டும் இரண்டுக்கும் ஒன்று.

அமெரிக்கப் பட்டாளத்துப் பொம்மை நமக்கு எதற்கு என்பது இதைவிடக் கனமான கேள்வி. தஞ்சாவூர்த் தலையாட்டியைச் சேர்த்தால் மரபு, இதைச் சேர்த்தால் என்ன? நம் கொலுவே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. படிக்குக் கீழே மணல் பரப்பிப் பார்க் கட்டும் வீடுகளில் பிளாஸ்டிக் காரும் போலீஸும் பட்டாளத்தானும் நிற்பதற்கு எந்தப் பாட்டியும் தடை சொன்னதில்லை. ஒன்பது நாள் முடிந்ததும் செட்டியார் பொம்மையைப் போலவே அவையும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போகும். அடுத்த வருஷம் பெட்டி திறக்கும்போது, இது கல்யாணச் சீரோடு வந்தது, இது பையன் மூன்றாவது படிக்கும்போது தாம்பரத்தில் வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் வரலாறு சொல்லப்படும். வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்ற வழக்கம் இருப்பதால் ஆண்டுக் கணக்கும் தவறுவதில்லை. பொம்மையையும் அது வந்த கதையையும் சேர்த்துப் பாதுகாக்கும் பழக்கம் வெளியிலிருந்து நமக்கு வர வேண்டியதில்லை. அதை எழுதிவைக்கும் பழக்கம்தான் குறைவு.

பணம் புகுந்த பிறகு இதெல்லாம் வியாபாரம்தானே என்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் வாங்கி விற்பவருக்கு வேண்டியது முழுமையான பொம்மை. அதற்காக உறுப்பு மாற்றுவார், பளபளப்பாகத் துடைப்பார், கடைசியாக அதை வைத்திருந்த வீட்டின் பெயரையும் அந்தத் துடைப்போடு அழித்துவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குறிப்பு எழுத வேண்டியது அவருக்கு முந்தைய கை. சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடி எழும்போது பரணில் இருப்பது காயலான் கடைக்கும், அங்கிருந்து சந்தைக்கும் போகிறது. வீடு காலியாகும் அந்த ஒரு வாரம் தவறினால் சொல்ல ஆள் இருக்காது. உங்கள் வீட்டுப் பரணை ஒழிக்கும்போது அப்படி ஒரு வீரன் கிடைத்தால், அவன் இரண்டு துண்டாக இருந்தாலும் உடனே வளையம் மாட்டாதீர்கள். தெருவின் பெயரையும், வாங்கிய ஆண்டையும், விளையாடிய பிள்ளையின் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, இரண்டு துண்டுகளோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள்.