தண்ணி மாறுபவரின் பாட்டுப் பெட்டி

தை பிறந்து மழை விட்டுவிட்டது. நீர்வேலிக்கும் உரும்பிராய்க்கும் நடுவே ஒரு வெங்காயத் தறையில் காலை இறைப்பு நடக்கிறது. கிணற்றடியில் மண்ணெண்ணெய் மெசின் உறுமுகிறது. தொட்டியில் விழுகிற தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வாய்க்கால் வழியே ஓடுகிறது. கிணற்றுக் கட்டில் எனக்கு இருக்க இடம் கிடைத்திருக்கிறது. பேச்சுக்கு வழியில்லை. இந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதென்றாலும் கத்தத்தான் வேண்டும்.

தண்ணி மாறுகிறவருக்கு அறுபது வயதிருக்கும். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருக்கிறார். ஒரு பாத்தி நிரம்பியதும் அதன் வாயை ஒரு வெட்டு மண்ணால் அடைக்கிறார். மண்வெட்டியை எடுத்த கையோடு அடுத்த பாத்தியின் வாயைத் திறந்துவிடுகிறார். தண்ணீர் வெங்காயத் தாள்களின் அடியை நனைத்துக்கொண்டு மூலைக்குப் போய்ச் சேரும்வரை நிற்கிறார். பிறகு மறுபடி ஒரு வெட்டு, ஒரு திறப்பு.

இரண்டு காதிலும் கறுப்பு வயர். அது இறங்கிச் சேட் பொக்கற்றுக்குள் போகிறது. பொக்கற்றுக்கு மேலே பாதி நீட்டிக்கொண்டு நிற்கும் சாமானைக் கைபேசி என்றுதான் முதலில் எவரும் நினைப்பார்கள். ஆனால் அது சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள். பிள்ளைகள் வாயில் பிஎஸ்பி. திரையில் கார் ஓட்டவும் பந்தடிக்கவும் என்று செய்த விளையாட்டுக் கருவி.

ஜப்பானில் 2004 டிசம்பரில் கடைக்கு வந்தது. முதல் மாதிரி 17 சென்ரிமீற்றர் நீளம், பற்றரியோடு 280 கிராம் பாரம். நாளெல்லாம் குனிந்து நிமிர்கிறவரின் சட்டை தாங்கக்கூடிய பாரமல்ல. இவர் அதற்கு வழி செய்திருக்கிறார். பொக்கற்றின் இரண்டு ஓரமும் வேறு நிற நூலால் மறுபடி தைக்கப்பட்டிருக்கின்றன. கருவியின் கீழ் மூலையில் கைப்பட்டி கோப்பதற்கென்று சின்னத் துளை ஒன்று உண்டு. அதில் நைலோன் கயிறு கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார். அவர் குனியும்போது கருவி பொக்கற்றை விட்டு நழுவினாலும் கயிற்றில் தொங்கும், தண்ணீரில் விழாது. அதற்கும் மேலே தெளிந்த ஷொப்பிங் பாக் ஒன்றால் அதைச் சுற்றி, வயர் வெளியே வர மட்டும் ஓட்டை விட்டிருக்கிறார்.

அவர் பாட்டு மாற்றுவதைப் பார்ப்பதற்கென்றே இங்கே இருக்கலாம். கை முழுக்கச் சேறு. தொடுதிரைக் கைபேசியாக இருந்தால் கையைக் கழுவி, துடைத்து, காயவிட்டுத்தான் தொடவேண்டும். இவர் பொக்கற்றைக் கீழே பார்ப்பதுகூட இல்லை. மணிக்கட்டின் பின்புறத்தால் கருவியின் மேல் விளிம்பை ஒரு அமத்து அமத்துகிறார். விளையாட்டில் சுடவும் பிரேக் பிடிக்கவும் வைத்த வலது தோள் பொத்தான் அது. பாட்டு ஓடும்போது அடுத்த பாட்டுக்குத் தாவும். இடது தோள் பொத்தான் பின்னுக்குப் போகும். ஷொப்பிங் பாக்குக்கு மேலாலேயே இரண்டும் வேலை செய்கின்றன. திரை இருண்டு கிடக்கிறது. அதன் கீழே ஒரு சின்னப் பொத்தானைச் சற்று நேரம் அமத்திப் பிடித்தால் வெளிச்சம் மட்டும் அணையும், பாட்டு நிற்காது. பற்றரியைத் தின்பது வெளிச்சம்தான் என்பது அவருக்குப் பழகிய கணக்கு.

பின்பக்கத்தில் விளையாட்டு டிஸ்க் போடும் வாசலைக் கறுத்த இன்சுலேசன் ரேப்பால் ஒட்டி மூடியிருக்கிறார். டிஸ்க் சுழன்றால் அதற்குள்ளே ஒரு மோட்டரும் சுழலும். பற்றரி இன்னும் வேகமாக இறங்கும். பாட்டு இருப்பதோ விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய மெமரி ஸ்டிக்கில். அதில் சுழல எதுவும் கிடையாது. ரேப் தூசியையும் தடுக்கிறது. இப்படி ஒரு சாமானின் வாயை அடைத்து, இன்னொரு வேலைக்கு முழுதாகக் கொடுத்துவிடுவதற்கு அந்தச் சாமானை நன்றாகப் படித்திருக்க வேண்டும். கம்பனிப் பொறியியலாளர் எவரும் இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

மடியில் போன் ஒன்றும் இருக்கிறது. பொத்தான் வைத்த சின்னப் போன். அது அடிக்கிறது. மண்வெட்டியைத் தோளில் சாய்த்து, இடது காது வயரை மட்டும் இழுத்துவிட்டுப் பேசுகிறார். வலது காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. தலை மெல்ல ஆடுவதிலிருந்து தெரிகிறது. ஒரே போனில் பாட்டும் கேட்டுக் கதையும் கேட்பவர்களுக்கு அழைப்பு வந்ததும் பாட்டு அறுந்துபோகும். இவருடைய பாட்டை அறுக்க எவராலும் முடியாது. போன் நம்பரே இல்லாத பெட்டி அது. வேலைக்கிடையில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சுதந்திரம் கிடைத்திருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருக்கிறது.

இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் துவாரங்களுக்குள் தேங்கிய மழைநீரைக் கிணற்றிலிருந்து எடுத்துத்தான் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் வளர்ந்தன. மெசின் வருமுன் துலா இருந்தது. துலா மரத்தின் மேலே ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்கள். கீழே ஒருவர் பட்டை பிடித்துத் தண்ணீரை வார்ப்பார். தறையில் ஒருவர் தண்ணி மாறுவார். மிதிப்பவரின் பாட்டு விடியற்காலையில் அயல் தோட்டத்துக்கும் கேட்கும். களைப்புத் தெரியாமல் இருக்கவும் இறைத்த பட்டைகளை எண்ணவும் அதே பாட்டுத்தான். மெசின் வந்து உடம்பை நோகாமல் காப்பாற்றியது. அது பெரிய காரியம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இறைப்பிலிருந்து பாட்டு போய்விட்டது. மெசின் சத்தத்தை மீறிப் பாட எவரால் முடியும்? அன்று இறைப்போடு இருந்த பாட்டுத்தான் இவருடைய காதுக்குள் திரும்பி வந்திருக்கிறது.

இடையில் வந்த காலத்தையும் சொல்லவேண்டும். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாகிவிட்டது. தீர்ந்த பற்றரியில் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டு, வெயிலில் காயவைத்து, இன்னும் அரை மணித்தியாலம் உயிர் கிடைக்குமா என்று பார்த்த காலம். அப்போதுதான் சைக்கிள் டைனமோ வீட்டுக்குள் வந்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். பின்சில்லு ரயரில் உராய்ந்து டைனமோ சுழலும். லைற் எரிய வைத்த 6 வோல்ற், 3 வாற் டைனமோ அது. அதிலிருந்து வருவது மாறுதிசை மின்சாரம். றேடியோவுக்கும் கசெற் றெக்கோடருக்கும் அது ஆகாது என்பதால் டயோட்டுகள் வைத்துத் திருத்திக் கொடுப்பார்கள். முதலில் செய்தி. லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். சுற்றுபவரின் கையில் வலு மிச்சமிருந்தால் ஒரு கசெற். கை தளர்ந்தால் பாட்டும் இழுபடும்; பாடகரின் குரல் தடித்துத் தணியும். கேட்டிருப்பவர்களில் ஒருவர் எழும்பிக் கையை மாற்றிக் கொடுப்பார். ஒரு பாட்டைப் பத்துப் பேர் சேர்ந்து கேட்பார்கள். அந்தப் பாட்டுக்கு ஒருவரின் தோள் நோகும்.

தண்ணி மாறுபவருக்கு அப்போது வயது இருபதுகளின் நடுவில் இருந்திருக்கும். சுற்றும் முறை அவர் வயதுக்காரருக்குத்தான் கூடுதலாக வந்தது. பொக்கற்றில் கிடக்கும் இந்தக் கருவியின் சார்ஜர் தருவது 5 வோல்ற். அந்த டைனமோவின் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. 4 ஜிபி மெமரி ஸ்டிக் என்றால், சாதாரண தரத்தில் ஏற்றிய எம்பி3 பாட்டுகள் ஏறத்தாழ 70 மணித்தியாலத்துக்குப் போதும். ஒரு மணித்தியாலக் கசெற் எழுபது. அந்த எழுபதையும் அன்று ஒருவர் சுற்றிக் கேட்பதென்றால் எத்தனை இரவு வேண்டும்!

இந்தக் கருவி இங்கே வந்த வழியும் ஊகிக்கக் கூடியதுதான். குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மூடி, போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருந்து கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களின் பெட்டிகளில் சொக்லேட்டும் சென்ட்டும் பிள்ளைகள் கைவிட்ட விளையாட்டுச் சாமானும் வந்தன. பிஎஸ்பி உலகமெங்கும் ஏழு கோடிக்கும் மேலே விற்ற கருவி. 2014இல் சோனி அதை நிறுத்தியது. பிள்ளைகள் வளர்ந்தார்கள், வேறு கருவிக்குப் போனார்கள். ஆனால் பழையது பழுதாகவில்லை. அதே காலத்தின் நின்ரெண்டோ டிஎஸ்ஐயிலும் பாட்டுக் கேட்கலாம். எம்பி3 கோப்பை மட்டும் அது ஏற்காது, ஏஏசி வேண்டும் என்று அடம்பிடிக்கும். ரெக்கோடிங் பார்களும் கொம்பியூட்டர் கடைகளும் இங்கே ஏற்றிக் கொடுத்ததெல்லாம் எம்பி3. அதனால் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது பிஎஸ்பிதான் என்பதில் நியாயம் இருக்கிறது.

மெசினுக்கு எண்ணெய் முடிந்துவிட்டது. உறுமல் சட்டென்று நின்றதும் பனை ஓலைகளின் சலசலப்பும் அயலில் ஒரு ஆட்டுக்குட்டியின் குரலும் கேட்கின்றன. அவர் எண்ணெய்க் கான் எடுக்கக் கிணற்றடிக்கு வருகிறார். வரும் வழியில் மண்வெட்டிப் பிடி வயரில் மாட்டுகிறது. வயர் கழன்றுவிட்டது. காதுக்குள் மட்டும் ஓடியது இப்போது கருவியின் சின்ன ஸ்பீக்கர் வழியாக வெளியே கொட்டுகிறது.

தவில்.

பாட்டில்லை, நாதஸ்வரமும் இல்லை. தவில் மட்டும். தனி. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் இடப்பக்கத் தொப்பியின் ஆழத்தைத் தரமுடியவில்லை. ஆனால் வலந்தலையில் விரல் கூடுகள் பொழியும் சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெறிக்கின்றன. வாசிப்பவர் ஓரிடத்தில் நிறுத்துகிறார். கோயில் வீதிக் கூட்டம் ஒன்று ஆரவாரிக்கிறது. யாரோ கோயில் வீதியில் வைத்துப் பதிந்த பழைய ஒலிப்பதிவு; இரைச்சலும் சேர்ந்தே வருகிறது.

யாருடைய வாசிப்பென்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் தவில் கேட்டால் நினைவு போகிற பெயர் ஒன்றுதான்: தெட்சணாமூர்த்தி. 1933இல் பிறந்து 1975இல், நாற்பத்திரண்டு வயது நிறையுமுன் மறைந்தவர். தமிழ்நாட்டு நாதஸ்வர மேதைகளும் தங்களுக்கு வாசிக்க அழைத்த யாழ்ப்பாணத்துத் தவில்காரர். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்திய தேசிய விருது கிடைத்தது. அவர் வாசித்த காலத்தில் பதிவு என்றால் ஸ்பூல் நாடாதான். நாடாவிலிருந்து கசெற்றுக்கும், கசெற்றிலிருந்து கொம்பியூட்டருக்கும் அந்தக் காலத்து வாசிப்புகள் கைமாறி வந்திருக்கின்றன. கடைசியாக ஒன்று விளையாட்டுக் கருவிக்குள் புகுந்து வெங்காயத் தறைக்கு வந்திருக்கிறது. கைமாறிய ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் இது அழியக்கூடாது என்று நினைத்திருக்கிறார். அவர்களுக்கெல்லாம் நான் கடமைப்பட்டவன்.

தண்ணி மாறுபவர் அவசரப்பட்டு வயரைச் செருகவில்லை. எண்ணெய்க் கானைத் தூக்கியபடி, வாசிப்பை முடித்துவைக்கும் அந்தத் தீர்மானம் முடியும்வரை நின்று கேட்கிறார். வலது கைப் பெருவிரல் கானின் தகரத்தில் எண்ணிக்கை போடுகிறது. முடிந்ததும் வயரைச் செருகி, மெசினுக்கு எண்ணெய் வார்த்து, கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணிவிட்டுத் தறைக்குப் போகிறார். இப்போது அவருடைய மண்வெட்டி விழும் நேரங்களை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். பாத்தி நிரம்பிவிட்டாலும் சில தடவை ஒரு கணம் பொறுக்கிறார். தண்ணீர் வரம்பைத் தொடுகிறது. அப்புறம்தான் வெட்டு விழுகிறது. காதுக்குள்ளே தாளம் முதல் தட்டான சமத்துக்கு வந்திருக்கவேண்டும்.

வெயில் ஏறி, கடைசிப் பாத்தியும் நனைந்து மெசின் நின்றபோது மருமகன் சைக்கிளில் வந்து இறங்குகிறான். சில்வர் மூக்குப்பேணியில் தேத்தண்ணி. மாமன் கையைக் கழுவி, சாரத்தில் துடைத்து, முதல் வேலையாகக் கருவியைப் பாக்கிலிருந்து வெளியே எடுத்து அவனிடம் நீட்டுகிறார்.

“மாமா, அந்தப் பழைய மாதிரி யூஎஸ்பி வயர் கிடைச்சிட்டுது. ரவுணுக்குள்ள ஒரு கடையிலதான் இருந்தது.”

“அப்ப இண்டைக்கு இரவைக்கு மற்றக் கச்சேரியையும் ஏத்திவிடு. இருக்கிறதுகளை அழிச்சுப்போடாதை.”

“இடம் காணாது மாமா. விளையாட்டுச் சேவ் பண்ணினது கொஞ்சம் கிடக்குது. அதை அழிக்கட்டோ?”

“அதைத் தொடாதை. அது தம்பி விளையாடினது. வரேக்கை கேப்பான்.”

“அப்ப எதை எடுக்கிறது?”

மாமன் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு யோசிக்கிறார்.

“நீ போன வரியம் ஏத்தின புதுப் படப்பாட்டுகள் கிடக்குதெல்லே? அதை எடு.”