ஜினீவாவுக்கு ஒரு விண்ணப்பம்

சகோதரிகளே, உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண் இருக்கிறாளா? அப்படியானால் இதைக் கொஞ்சம் கேளுங்கள்.

என் மகள் பௌதிகம் படிக்கிறாள், மூன்றாவது வருஷம். ஒரு மாலை, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, "அம்மா, கோடை விடுமுறைக்கு ஜினீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு விண்ணப்பம் போடட்டுமா?" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. வயசுப் பெண், கடல் கடந்த ஊர், பணத்துக்கு எங்கே போவது?

அவள் நிதானமாக விளக்கினாள். அணுவினும் நுண்ணிய துகள்களை மோதவிட்டு ஆராய, பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கம் வைத்திருக்கிறார்களாம். 1962-லேயே கோடை மாணவர் திட்டம் தொடங்கிவிட்டதாம். விஞ்ஞானிகளின் பாடங்களைக் கேட்கலாம். ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்து வேலையும் பழகலாம். தினப்படி உண்டு, வழிச்செலவுக்கும் உதவுவார்கள். பட்டம் பெற்றவர்களுக்குத் தனித் திட்டமும் இருக்கிறது. 2017-ல் இந்தியா அங்கே இணை உறுப்பினராகிவிட்டது.

"நம் நடராஜர்கூட 2004 முதல் அங்கே நிற்கிறார், அம்மா!" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பி.எஸ்ஸி. தேறியபோது வெளியூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து எனக்கும் கடிதம் வந்தது. "பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்று அப்பா அதை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. இன்று அதே வார்த்தை என் நுனிநாக்கில்!

விழுங்கிவிட்டேன். "தாராளமாகப் போடு, கண்ணே" என்றேன்.

போட்டி கடுமைதான், இடம் கிடைக்காமலும் போகலாம். 'இல்லை' என்று சொல்வதானால் ஜினீவா சொல்லட்டும், சகோதரிகளே. நம் வீட்டு மேஜை சொல்ல வேண்டாம்.